புள்ளி வைத்த நாட்கள்

இதை எழுதலாமா என்று தம்பியிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னான். பெயர் வரக் கூடாது, ஊர் வரக் கூடாது, டாக்டர் யாரென்று ஒருத்தருக்கும் பிடிபடக் கூடாது, வலையேற்றுவதற்கு முன் ஒரு தடவை அவனிடம் கொடுத்துவிட வேண்டும். கடைசி நிபந்தனைக்குக் காரணம் வேறு. அவன் மெய்ப்புத் திருத்துகிறவன். என் சந்திப்பிழைகள் மேல் அவனுக்குப் பல வருஷத்துக் கோபம்.

மனச்சிதைவு என்று டாக்டர்கள் அவனுக்குச் சொல்லிப் பதினொரு வருஷம் ஆகிறது. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. வீட்டில் இப்படி ஒருவர் இருப்பவர்களுக்கு முதல் வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும். மற்றவர்களுக்கு ஒரு பத்தியில் புரியவைக்க எனக்குத் திறமை போதாது. நான் சொல்ல வந்தது அதற்கு ரொம்பப் பிறகு, ஒரு டாக்டரின் அறையில் நடந்த இருபது நிமிஷத்தைப் பற்றி. யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை. ஆனாலும் நான் அதுவரை சரியென்று நினைத்துச் செய்துகொண்டிருந்த பாதி விஷயங்கள் அந்த இருபது நிமிஷத்தில் அசிங்கமாகத் தெரிந்தன. அதிலிருந்து அது என்னை விடவில்லை.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?"

இந்தக் கேள்வியை எத்தனை டாக்டர்கள் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்று கணக்கில்லை. தம்பி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். கேள்வி அவனைத் தாண்டி என்னிடம் வரும். "சாப்பிடுறான் டாக்டர், நான் பார்த்துக்கிறேன்" என்பேன், வீட்டுப்பாடத்தை முடித்த பிள்ளை மாதிரி. சீட்டு எழுதப்படும். அடுத்தவர் உள்ளே வருவார். ஒரு தடவை திரும்பி வரும்போது அவன் கேட்டான்: "அக்கா, நான் வராம நீ மட்டும் போயிட்டு வந்தா என்ன? எனக்கு ஒரு நாள் வேலை மிச்சம்." நான் அதைக் குசும்பு என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் மனசிலும் அதே வாதம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நோய் இருப்பதையே ஒத்துக்கொள்ளாதவனிடம் மருந்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் கேட்பது? 'இன்சைட் இல்லை', அதாவது தனக்கு நோய் என்ற உணர்வு இல்லை என்று கோப்பில் எழுதுவார்கள். அந்த இரண்டு வார்த்தை விழுந்துவிட்டால் பிறகு அவன் சொல்வது எல்லாமே நோயின் பேச்சு. மாத்திரை வேண்டாம் என்றால் அது நோய். மாத்திரை சாப்பிட்டால் காலையில் எழுத்து மங்குகிறது என்றால் அதுவும் நோய்தான், கொஞ்சம் தந்திரமான நோய்.

இரண்டாவது வருஷம் அவன் மாத்திரையைத் துப்புகிறான் என்று சந்தேகம் வந்தது. அப்போது நான் செய்ததை இங்கே எழுதத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. பொடி செய்து அவன் குடிப்பதில் கலந்து கொடுத்தேன். இரண்டு மாசம். உலகம் முழுக்கக் குடும்பங்கள் இதைச் செய்கின்றன, சில இடங்களில் டாக்டருக்குத் தெரிந்தே செய்கின்றன. கைமீறிப்போன வீட்டில் இருந்து பார்த்தால்தான் அந்தப் பயம் தெரியும். அவன் கண்டுபிடித்துவிட்டான். அவனுக்கு நோய் வந்தபோது முதன்முதலில் சொன்ன வாக்கியம் என்ன தெரியுமா? "எனக்குக் குடுக்கறதுல ஏதோ கலக்கறாங்க." அப்போது அது மாயை. நான் அதை உண்மையாக்கிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், நான் தொட்ட எதையும் அவன் வாயில் வைக்கவில்லை. அதைக் கோப்பில் 'சந்தேகம் நீடிக்கிறது' என்று எழுதினார்கள்.

காலண்டர்

அப்புறம் சில வருஷம் அமைதியாகப் போயிற்று. வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்தது. ஓலான்சபின் ராத்திரி ஒன்று. உடம்பு ஊதிவிட்டது, மதியம் வரைக்கும் மந்தம், ஆனால் அவன் காதில் மட்டும் கேட்ட குரல்கள் பின்னால் போய்விட்டன. 'ஸ்டேபிள்' என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போன வார்த்தை அது.

ஒரு நாள் அவன் மேஜையைத் துடைக்கும்போது மாதக் காலண்டரைப் பார்த்தேன். தேதிகளுக்குக் கீழே பென்சிலால் குறிகள். சில தேதிக்குக் கரும்புள்ளி. சில தேதிக்கு நடுவில் காலியான சின்ன வட்டம். சில தேதிக்கு ஒன்றுமில்லை. ஓரத்தில் எண்கள்: 4, 6, 2, 7. பழைய மாதங்களைப் புரட்டினேன். பதினான்கு மாதம் அப்படியே இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. முதல் தடவை நோய் வந்தபோது வண்டி நம்பர்களில் தனக்குச் செய்தி வருகிறது என்று நோட்டு நோட்டாகக் குறித்து வைத்தவன் அவன். மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். காலண்டரைச் சுருட்டி என் பையில் வைத்துக்கொண்டேன். மறுவாரம் டாக்டரைப் பார்க்கும் நாள்.

டாக்டர் புதியவர், அவரிடம் அது மூன்றாவது தடவையோ என்னவோ. நான் காலண்டரை மேஜையில் விரித்து, "பாருங்க மேடம், மறுபடியும் ஏதோ குறியீடு மாதிரி எழுத ஆரம்பிச்சிருக்கான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, முன்கூட்டியே பிடித்துவிட்டோமே என்று. அவர் காலண்டரை எடுத்து என் பக்கம் திருப்பவில்லை. அவன் பக்கம் திருப்பினார். "இது என்னன்னு எனக்குப் புரியல. சொல்றீங்களா?"

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "புள்ளி வச்சது முழு மாத்திரை. வட்டம் பாதி. ஒண்ணும் இல்லாதது சாப்பிடாத நாள். நம்பர் எத்தனை மணி நேரம் தூங்கினேன்கறது."

அவசர வேலை இருக்கும் வாரங்களில் பாதியாகக் குறைத்திருக்கிறான். முழு மாத்திரை போட்ட மறுநாள் காலையில் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரிகின்றன, 'ர'வும் 'ற'வும் கலந்துவிடுகின்றன, பத்துப் பக்கத்தில் மூன்று பிழை தப்பிவிடுகிறது, அப்படித் தப்பினால் வேலை போய்விடும். சில வாரம் அடியோடு விட்டுப் பார்த்திருக்கிறான். மூன்றாவது நாள் தூக்கம் உடைகிறது. ஐந்தாவது நாள் பக்கத்து அறையில் யாரோ தன் பெயரைச் சொல்வது கேட்கிறது. உடனே முழு மாத்திரைக்குத் திரும்பிவிடுகிறான். "அஞ்சு நாளுக்கு மேல நான் போகவே இல்ல மேடம், பாருங்க." பதினான்கு மாதமும் பார்த்தோம். போகவில்லை.

இன்சைட் இல்லை என்று எழுதப்பட்ட ஆள். மருந்து நிறுத்தினால் நோய் வரும் என்பதைத் தன் உடம்பிலேயே நாள் கணக்காகச் சோதித்துத் தெரிந்துகொண்டவன். பருமனாகிவிட்டிருந்த அவனுடைய கோப்பில் இவ்வளவு துல்லியமாக ஒரு பக்கம்கூட இல்லை. அந்தப் பதினான்கு மாதமும் "ஒழுங்கா சாப்பிடுறான் டாக்டர்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று டாக்டர் கேட்டார். "யாரும் கேக்கல" என்றான்.

யார் முடிவெடுக்கிறார்கள்

சேர்ந்து முடிவெடுப்பது என்ற பேச்சு மருத்துவத்தில் புதிதில்லை. புற்றுநோய், சர்க்கரை நோய் என்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது: மருந்தைப் பற்றித் தெரிந்தவர் டாக்டர், தன் வாழ்க்கையைப் பற்றித் தெரிந்தவர் நோயாளி, இரண்டையும் மேஜையில் வைத்துப் பேசுவது. சைக்கோசிஸ், அதாவது நிஜம் எது மாயை எது என்று பிடிபடாமல் போகும் நிலை, என்று வரும்போது மட்டும் எல்லோரும் ஒரு அடி பின்வாங்குகிறார்கள். 'இவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாமா?' என்று கேட்கிறார்கள். அந்தக் காலண்டரைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கிறது. கொடுப்பதற்கு நம் கையில் என்ன இருக்கிறது? ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணீர் டம்ளரோடு தனியாக நிற்கிறவன்தான் கடைசி முடிவை எடுக்கிறான். தினமும் எடுக்கிறான்.

தம்பி ஒருத்தன் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். அமெரிக்காவில் மனச்சிதைவு உள்ள 1,493 பேரிடம் ஐந்து மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2005இல் வெளியானது. கேட்டி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எந்த மருந்து நல்லது என்று பார்க்கப் போனவர்களுக்குக் கிடைத்த பெரிய சேதி, 74 சதவீதம் பேர் முதலில் கொடுத்த மருந்தைப் பதினெட்டு மாதத்துக்குள் விட்டுவிட்டார்கள் என்பது. சிலருக்கு மருந்து வேலை செய்யவில்லை, சிலருக்குப் பக்க விளைவு தாங்கவில்லை, பலர் தாங்களே வேண்டாமென்று நிறுத்திக்கொண்டார்கள். நான்கில் மூன்று பேர்! இவ்வளவு பேரும் முடிவெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். டாக்டரின் அறைக்குள் வைத்து எடுக்கிறார்களா, வெளியே தனியாக எடுக்கிறார்களா என்பதுதான் வித்தியாசம்.

புத்தி பேதலித்திருக்கும்போது எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் தடவை அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, அவனும் இப்போது வருத்தப்படவில்லை. அன்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையைத் திருத்த ஆள் இருந்திருக்காது. ஆனால் அந்த ஒரு ராத்திரிக்குத் தேவைப்பட்ட அதிகாரத்தை நாங்கள் பத்து வருஷத்துக்கு நீட்டிக்கொண்டோம். தீ அணைந்த பிறகும் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரி. முடிவெடுக்கும் திறன் என்பதை மருத்துவர்கள் நான்காகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: சொன்னது புரிகிறதா, அது தனக்குப் பொருந்தும் என்று தெரிகிறதா, இதையும் அதையும் ஒப்பிட்டு யோசிக்க முடிகிறதா, இதுதான் வேண்டும் என்று சொல்ல முடிகிறதா. நோயின் பெயரைப் பார்த்து இதற்கு மார்க் போட முடியாது. ஒரே ஆளுக்கு இந்த வாரம் இல்லாதது அடுத்த மாதம் இருக்கும். வீட்டை விற்கும் முடிவுக்குப் போதாத தெளிவு, மாத்திரையைக் காலையில் போடுவதா ராத்திரி போடுவதா என்பதற்குப் போதும்.

இரண்டு பக்கமும் உண்மை

அன்று டாக்டர் செய்த இன்னொரு காரியம், அவனிடம் எதையும் மறைக்காதது. காலண்டரைப் பார்த்ததும் பாராட்டிவிட்டு "சரி, குறைச்சுடலாம்" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு இனித்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. பழைய ஆய்வுகள் 65ஐச் சேர்த்துக் கூட்டிப் பார்த்த ஒரு பெரிய கணக்கு 2012இல் வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு, மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம். அதை முதலில் சொன்னார். அப்புறம் நெதர்லாந்துக் கதை. முதல் தடவை சைக்கோசிஸ் வந்து குணமானவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தை மெல்லக் குறைத்துப் பார்த்தார்கள். முதல் ஒன்றரை வருஷத்தில் அவர்களில் நோய் திரும்பியவர்கள் இரண்டு மடங்கு. பார்த்தவர்கள் அதோடு விட்டுவிட்டிருப்பார்கள். ஆனால் ஏழு வருஷம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்து 2013இல் எழுதியபோது, குறைத்தவர்களில் 40 சதவீதம் பேர் வேலையும் வீடும் உறவுமாக மீண்டிருந்தார்கள், தொடர்ந்தவர்களில் சுமார் 18 சதவீதம். சந்தோஷப்படுவதற்குள் மூன்றாவதையும் சொன்னார்: இங்கிலாந்தில் 253 பேரிடம், பல வருஷ நோயாளிகளிடம், மெதுவாகக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. இரண்டு வருஷ முடிவில் அவர்கள் நடமாட்டத்திலும் பழக்கத்திலும் எந்த முன்னேற்றமும் இல்லை. கடுமையாக நோய் திரும்பியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"இதுல நீங்க எந்தப் பக்கம் வருவீங்கன்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். எத்தனையோ டாக்டர்களின் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், 'தெரியல' என்ற சொல்லை அதுவரை கேட்டதில்லை. தம்பியின் முதுகு நிமிர்ந்தது. உண்மையாகவே நிமிர்ந்தது, நான் பார்த்தேன்.

நான் ஊசியைப் பற்றி ஆரம்பித்தேன். மாசத்துக்கு ஒன்று, எல்லோருக்கும் நிம்மதி. டாக்டர் அவனைக் கேட்டார். "ஊசி போட்டா உள்ள போனது போனதுதான். என் கையில ஒண்ணும் இருக்காது" என்றான். இதையே திருப்பிச் சொல்லி ஊசியை விரும்பிக் கேட்கிறவர்களும் உண்டு என்று டாக்டர் சொன்னார். தினமும் வீட்டில் சண்டையில்லை, மறந்தோமா என்ற யோசனையில்லை. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வேண்டாம் என்றான். அரிப்பிப்ரசோல் என்ற வேறு மாத்திரைக்கு மாறலாமா என்று அடுத்த பேச்சு. எடை அவ்வளவு ஏறாது, மந்தம் குறைவு, ஆனால் சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது, உட்கார முடியாத தவிப்பு வரும். "உக்காராம எப்படி மெய்ப்புப் பாக்கறது?" அதுவும் இல்லை. அவன் எடையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை என்பதையே நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் நான் அவனுக்காக வருத்தப்பட்டது அவன் தொப்பையைப் பற்றி. அவன் வருத்தப்பட்டது றகரத்தைப் பற்றி.

பாட்ரீசியா டீகன் என்று ஒரு உளவியலாளர் இருக்கிறார், பதின்வயதிலேயே மனச்சிதைவு என்று சொல்லப்பட்டவர். ஒருவர் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளச் செய்யும் காரியங்களைச் 'சொந்த மருந்து' என்கிறார். மாத்திரை சாப்பிடுவது ஒன்று, வாழ்க்கையில் செய்வது இன்னொன்று, முதலாவது இரண்டாவதைக் கெடுத்தால் ஆள் முதலாவதைக் கைவிடுவான் என்பது அவர் கண்டது. இதைப் பின்னால்தான் படித்தேன். காலண்டரில் அது ஏற்கெனவே இருந்தது.

கடைசியில் முடிவானது ரொம்பச் சாதாரணம். அதே ஓலான்சபின், கொஞ்சம் குறைவாக, படுக்கும்போது போடாமல் சாயங்காலமே போடுவது. விட்டு விட்டுச் சாப்பிடுவது கூடாது. டாக்டர் ஒரு தாளில் வளைகோடு போட்டுக் காட்டினார்: மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் சுமார் 65இலிருந்து 80 சதவீதத்தை மருந்து அடைத்திருந்தால் போதும், அதற்கு மேலே போனால் விறைப்பும் நடுக்கமும்தான் கூடும், ஆனால் கோடு நேர்கோடு இல்லை, மேலே இருக்கும்போது குறைப்பது லேசு, கீழே வர வரச் சின்னக் குறைப்பும் பெரிய சறுக்கல். அதனால் ஒவ்வொரு படியிலும் மூன்று மாதம் நிற்பது. புள்ளி வைப்பதைத் தொடர்வது, இனி மறைத்து வைக்க வேண்டியதில்லை. நான் கேட்டது எதுவும் அந்தத் தாளில் இல்லை.

முதல் படி நன்றாகப் போயிற்று. இரண்டாவது படியில் ஆறாவது வாரம் தூக்க எண்கள் 7, 6, 4, 4 என்று இறங்கின. நான் தினமும் அந்தக் காலண்டரைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு. ஒரு காலையில் அவனே போனை எடுத்தான். "மேடம், ரெண்டாவது படி எனக்கு ஒத்துவரல. பழைய படிக்கே போயிடறேன்." பதினொரு வருஷத்தில் அவன் வாயால் மருந்தைக் கூட்டிக் கேட்டது அன்றைக்குத்தான். குரல் வருவதற்கு முன்னாலேயே கேட்டான். அந்த இடத்திலேயே இப்போதும் நிற்கிறான். அதற்குக் கீழே போகவில்லை, போகலாமா என்று வருஷத்துக்கு ஒரு தடவை பேசிக்கொள்கிறார்கள். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன், கூப்பிட்டால் போவேன்.

போன மாதம் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். மறுபடியும் முற்றிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவது. சில நாடுகளில் சட்டமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இரண்டு பக்கம் எழுதினான். ஹாலோபெரிடால் என்ற மருந்தைக் கொடுக்கக் கூடாது, முதல் தடவை அதில் தாடை கோணி இழுத்துக்கொண்டது. கட்டிப்போட வேண்டி வந்தால் ஏன் என்று சொல்லிவிட்டுச் செய்யவும், புரியாத மாதிரி இருந்தாலும் சொல்லவும். முதலில் கூப்பிட வேண்டிய ஆள் கூட வேலை பார்க்கும் நண்பர். இரண்டாவதுதான் அக்கா. அடுத்த வரி: 'அக்கா அழக் கூடாது. அழுதால் வெளியே இருக்கட்டும்.'

இரண்டாவது என்பதைப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன், நாலு பேர் படிக்கிற தாள் இல்லையா. அவன் ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்து அதன் மேல் கோடு கிழித்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடித்த வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தான். மெய்ப்பில் அப்படிப் புள்ளி வைத்தால், அடித்தது செல்லாது, இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம்.